பெளகொள மலையேறப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்துச் சிரவணபெளகொளாவுக்குப் போய் கோமடேசுவரரை, அதாவது பாகுபலியின் பெருஞ்சிலையைப் பார்த்து வருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

என் அம்மாவுக்கு 68 வயது. முட்டிவலி உண்டு. படி அதிகம் என்கிறார்கள். அழைத்துப் போகலாமா?
– வாசகி, சேலம்

போகலாம். ஆனால் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது என்பதைக் கீழே இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். சிலை நிற்பது விந்தியகிரியில். ஊர்க்காரர்கள் இதைத் தொட்டபெட்ட என்பார்கள். கன்னடத்தில் பெட்ட என்றால் மலை, தொட்ட என்றால் பெரிய. ஊட்டித் தொட்டபெட்டாவும் இதே சொல்தான். ஊர்மட்டத்திலிருந்து சுமார் 470 அடி உயரம், ஏறத்தாழ 650 படி. படிகளைக் கட்டவில்லை, பாறையின் சரிவிலேயே வெட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரு படி நாலு விரல் உயரம் இருக்கும், அடுத்தது முழங்காலைத் தூக்க வைக்கும். மூச்சு வாங்குவதைவிட, இந்த ஒழுங்கில்லாத உயரம்தான் முட்டியைப் படுத்தும்.

திடமானவர் அரை மணியில் ஏறிவிடுவார். அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பிடிக் கம்பி இருக்கும் பக்கமாகவே ஏறட்டும். வலி குறைவாக இருக்கும் காலை முதலில் மேல்படியில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் கீழே வைக்க வேண்டும். ஏறும்போது சமாளித்துவிட்டு இறங்கும்போது உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இறங்குகையில் உடம்பின் பாரம் முழுவதும் மடங்கிய முட்டியில் விழுவதே காரணம். நேராக இறங்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து இறங்கினால் பாதி வலி மிச்சம்.

இதெல்லாம் ஆகாது என்று தோன்றினால் டோலி இருக்கிறது. பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் சுமந்து போவார்கள். அடிவாரத்திலேயே கேளுங்கள். ஏற, இறங்க இரண்டுக்கும் சேர்த்தா, மேலே எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். ஏற மட்டும் பேசிவிட்டு மேலே போய் இறங்கப் பேரம் பேசுவதில்தான் மனக்கசப்பு வரும்.

ஏறவே வேண்டாம் என்று அம்மா சொன்னாலும் பயணம் வீணாகாது. ஊருக்குள்ளேயே பார்க்க நிறைய உண்டு. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

செருப்பை எங்கே விடுவது? சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறலாமா?
– வாசகர், ஈரோடு

செருப்பை அடிவாரத்திலேயே விட வேண்டும். 650 படியும் வெறுங்கால்தான். சாக்ஸுக்குத் தடையில்லை, அடிவாரக் கடைகளில் அதையே விற்கிறார்கள். வெயில் ஏறியபின் கருங்கல் சட்டிபோலக் காயும். பத்தரை மணிக்கு ஏறத் தொடங்கியவர்கள் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் குதித்துக் குதித்து வருவதைப் பார்க்கலாம். தடித்த பருத்திச் சாக்ஸ் வெயிலுக்குச் சரி. மழைத்தூறல் விழுந்தால் உடனே கழற்றிவிடுங்கள். எத்தனையோ நூற்றாண்டாகக் கால்பட்டு வழவழப்பான பாறையில் ஈரத் துணி வழுக்கும், வெறும் பாதம் பிடிக்கும். நைலான் சாக்ஸ் காய்ந்த கல்லிலேயே வழுக்கும். அதை வாங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, காலை ஆறரைக்கு முதல் படியில் கால் வைப்பது. எட்டரை மணிக்குள் இறங்கிவிடலாம்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது நல்லது?
– வாசகர்கள், சென்னை, கோவை

சென்னை, வேலூர், சேலம் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரு வழி. பெங்களூருவிலிருந்து சுமார் 145 கி.மீ. மங்களூரு நெடுஞ்சாலையில் நெலமங்கலா, குணிகல், பெள்ளூர் கிராஸ் தாண்டி ஹிரீசாவெயில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். காரில் மூன்று மணி நேரம். அதில் பெங்களூரு எல்லையைத் தாண்டவே ஒரு மணி நேரம் போய்விடும். பஸ் என்றால், ஹாசன் போகும் வண்டியில் ஏறிச் சென்னராயபட்டணத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பன்னிரண்டு பதிமூன்று கி.மீ.தான், உள்ளூர் பஸ் அடிக்கடி உண்டு.

பெங்களூரு–ஹாசன் நேர் ரயில்பாதை 2017இல் திறந்தபின் சிரவணபெளகொளாவுக்கே ஸ்டேஷன் வந்துவிட்டது. ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. டிக்கெட் எடுக்கும் முன் நிறுத்தப் பட்டியலைப் பாருங்கள்.

கோவைக்காரர்கள் சத்தியமங்கலம், சாமராஜநகர், மைசூரு வழியாகப் போவது சுருக்கம். மைசூருவிலிருந்து கே.ஆர்.பேட்டை, கிக்கேரி வழியாகச் சுமார் 83 கி.மீ. திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், நள்ளிரவில் கிளம்பி விடிகாலையில் சேரும் கணக்கு இந்த வழியில் பலிக்காது. முதல்நாளே மைசூருவிலோ பெளகொளாவிலோ தங்கிவிடுங்கள்.

சிலையின் காலடியில் தமிழில் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போனேன். எவ்வளவு தேடியும் ஒரு தமிழ் எழுத்துகூடக் கண்ணில் படவில்லை. உண்மைதானா?
– வாசகர், மதுரை

உண்மைதான். நீங்கள் அதைப் பார்த்தும் இருப்பீர்கள், அது தமிழ் என்று தெரிந்திருக்காது.

பாகுபலியின் இரு கால்களுக்கும் பக்கத்தில் கரையான் புற்றுகளைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். புற்றுத் துளைகளிலிருந்து பாம்புகள் தலை நீட்டும். அந்தப் புற்றுக் கல்லில்தான் எழுத்துகள் உள்ளன. ஒரு பக்கம் கன்னடமும் தமிழும், மறுபக்கம் நாகரி எழுத்து. கன்னட வரி "ஸ்ரீ சாவுண்டராஜம் மாடிஸிதம்" என்கிறது. தமிழ் வரி "ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்". நாகரியில் "ஸ்ரீ சாவுண்டராஜேம் கரவியலேம்" என்றிருக்கிறது. இந்த மூன்றாவது வரியை மராத்தி என்று மராத்திக்காரர்களும் கொங்கணி என்று கொங்கணிக்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை.

தமிழ் வரி நம் கண்ணுக்குத் தப்புவதற்குக் காரணம் அதன் எழுத்து. இன்று நாம் எழுதும் வடிவம் அதில் இல்லை. கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து வெட்டியிருக்கிறார்கள். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் நெடுங்காலம் வழங்கிய வட்டெழுத்தை இன்று பயிற்சி இல்லாமல் படிக்க முடியாது. அடுத்தமுறை போகும்போது அந்த வரியின் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று மொழியிலும் வினை ஒரே மாதிரி இருப்பதையும் கவனியுங்கள். செய்தான் என்றில்லை, செய்வித்தான் என்றிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பிறவினைதான். செய்வித்தவர் கங்க மன்னன் நான்காம் ராசமல்லனின் அமைச்சரும் படைத்தலைவருமான சாவுண்டராயர். உளி பிடித்தவர் பெயர் அந்த வரிகளில் இல்லை.

அதே இடத்தில் கங்கராஜன் சுற்றாலயம் செய்வித்ததாகவும் எழுதியிருக்கிறது. இவர் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி. சிலை எழுந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர். இன்று சிலையைச் சுற்றி நாம் பார்க்கும் மண்டபச் சுற்று இவர் எடுத்தது.

57 அடிச் சிலையை மலைமேல் எப்படி ஏற்றினார்கள்? சிலர் 58 அடி என்கிறார்களே?
– மாணவர், திருநெல்வேலி

ஏற்றவில்லை. உச்சியில் துருத்தி நின்ற கருங்கற்பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கினார்கள் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. தொடைக்கு மேலே சிலைக்குப் பின்னால் தாங்கல் எதுவும் கிடையாது. தொடை வரைக்கும் புற்றும் கொடியும் தாங்கிக்கொள்கின்றன. மாதவிக் கொடி காலைச் சுற்றி ஏறி, கையைப் பின்னித் தோளுக்குக் கீழே முடிகிறது. பாகுபலி அசையாமல் ஓராண்டு நின்றதற்கு அந்தக் கொடி சாட்சி என்பது சமண மரபு. சிற்பிக்கோ அதுவே கட்டுமான உறுதியும் ஆயிற்று.

காலம் பொ.ஆ. 981–983 என்பார்கள். உயரம் அளந்த முறையைப் பொறுத்து ஓரடி முன்னே பின்னே வருகிறது. பழைய அளவுப் பட்டியல் ஒன்று சொல்வது: பாதத்தின் நீளம் 9 அடி, கால் பெருவிரல் மட்டும் 2 அடி 9 அங்குலம், தோளின் அகலம் 26 அடி. அந்தப் பெருவிரலுக்குப் பக்கத்தில் பூசை செய்பவர் உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள், அளவு சட்டென்று புரியும்.

நான் எடுத்த படங்களிலெல்லாம் முகம் இருட்டாக இருக்கிறது. கேமரா கோளாறா?
– வாசகர், புதுச்சேரி

கோளாறு கேமராவில் இல்லை, திசையில். சிலை வடக்கு நோக்கி நிற்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை சூரியன் நாள் முழுவதும் தென்பாதி வானத்திலேயே இருக்கும். அந்த ஆறு மாதமும் வடக்கு பார்த்த முகத்தில் நேர்வெயில் விழாது. டிசம்பர் உச்சிவேளையில் சூரியன் சிலையின் முதுகுப் பக்கம் நிற்க, உங்கள் கேமரா பளீரென்ற வானத்தைப் பார்த்து அளவெடுத்துச் சிலையை இருட்டாக்கிவிடுகிறது. பள்ளிச் சுற்றுலா மொத்தமும் டிசம்பர், ஜனவரியில் வருவதால் நம் வீட்டு ஆல்பங்களில் உள்ள கோமடேசுவரர் படமெல்லாம் கறுப்பாகவே இருக்கின்றன.

பனிக்கால மாதங்களில் போனால், போனில் முகத்தின்மேல் தொட்டு வெளிச்சத்தை ஏற்றுங்கள். வானம் வெள்ளையாகிப் போனால் போகட்டும். காலையில் கீழ்வானத்து ஒளி சிலையின் வலப்பக்கத்தில், அதாவது பார்க்கும் உங்களுக்கு இடப்பக்கத்தில் பட்டு, தோளுக்கும் கன்னத்துக்கும் ஒரு கோடு கொடுக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவெயிலும் வடக்கே சாய்ந்து முகத்தில் விழும். மே மாதம் படம் நன்றாக வரும், பாதம் வெந்துவிடும். ஜூன், ஜூலையில் மேகம் விலகும் நேரம் பார்த்துக் காத்திருக்கலாம்.

இன்னொரு பிழையும் பொது. காலடியில் நின்று அகன்ற லென்ஸில் எடுத்தால் பாதம் யானைக்காலாகவும் தலை எலுமிச்சம்பழமாகவும் வரும். முற்றம் சிறியது. எதிரே உள்ள மண்டபத்தின் உள்விளிம்புவரை பின்வாங்கி, போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள். இதைவிட நல்ல கோணம் எதிர்மலையில் கிடைக்கும். சந்திரகிரி இந்த மலைக்கு வடக்கே இருப்பதால், அங்கிருந்து பார்த்தால் சுற்றுமதிலுக்கு மேலே முகமும் தோளும் நேருக்கு நேராகத் தெரியும். ஜூம் போதும். ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மண்டபத்தில் நிற்கும்போது அண்ணாந்து விதானத்தையும் பாருங்கள். எட்டுத் திசைக் காவலர்களுக்கு நடுவே இந்திரன் அபிஷேகக் கலசத்தோடு நிற்கிறான். எல்லாருடைய கண்ணும் பெரிய சிலைமேல் இருப்பதால் இதைத் தவறவிட்டுத் திரும்புகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இருப்பார்கள்.

குழந்தைகளோடு போனோம். "சாமி ஏன் ட்ரெஸ் போடலை?" என்று கேட்டுவிட்டார்கள். என்ன சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

உள்ளதைச் சொல்லுங்கள். திகம்பரர் என்றால் திசைகளையே ஆடையாக உடுத்தவர். எல்லாவற்றையும் துறந்தவர் துணியையும் துறந்தார், அவ்வளவுதான்.

கதையும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். முதல் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் வழிகாட்டிக் குரு) ரிஷபதேவரின் மக்கள் பரதனும் பாகுபலியும். நாட்டுக்காக அண்ணன் தம்பிக்குள் சண்டை மூண்டது. படைகள் மோதி வீரர்கள் சாக வேண்டாம், நீங்கள் இருவர் மட்டும் மோதுங்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். கண்ணிமைக்காமல் பார்க்கும் போட்டி, நீரை வாரி இறைக்கும் போட்டி, மல்யுத்தம் என்று மூன்று. மூன்றிலும் தம்பிக்கே வெற்றி. அண்ணனைத் தலைக்குமேல் தூக்கிய கணத்தில் மனம் மாறி, இறக்கி வைத்துவிட்டு, வென்ற நாட்டையும் விட்டுத் தவத்துக்குப் போய்விட்டான். கண்ணிமைக்காத போட்டியைப் பிள்ளைகள் படியேறும்போதே விளையாடத் தொடங்கிவிடுவார்கள். படியில் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

நுழைவாயிலுக்கு எதிரே கையில் சின்னக் கிண்ணத்தோடு ஒரு பெண் சிலை இருக்கிறதே, யார்?
– வாசகி, காரைக்குடி

குள்ளகாயஜ்ஜி. அஜ்ஜி என்றால் பாட்டி. சாவுண்டராயர் குடம் குடமாகப் பால் ஊற்றியும் அது தொடைக்குக் கீழே இறங்கவில்லையாம். கத்தரி இனக் காய் ஒன்றின் ஓட்டில் ஒரு மிடறு பால் கொண்டுவந்த கிழவி ஊற்றியதும் அது பாதம்வரை வழிந்து மலையிலும் ஓடியதாம். பெருங்கொடையாளியின் செருக்கைப் பாட்டி தீர்த்துவைத்த கதை. அவர் நிற்பதும் சாமியைப் பார்த்தபடிதான்.

மகாமஸ்தகாபிஷேகம் அடுத்து எப்போது? அப்போது போவது நல்லதா, சாதாரண நாளில் போவது நல்லதா?
– வாசகர்கள், திருச்சி, ஓசூர்

சிலையின் தலையிலிருந்து ஊற்றும் இந்தப் பெரிய அபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஆயிரமாவது ஆண்டு விழா 1981இல் நடந்தது. அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார். பிறகு 1993, 2006, 2018. அந்தக் கணக்கில் அடுத்தது 2030. 1993க்கும் 2006க்கும் இடையே பதின்மூன்று ஆண்டு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விழாத் தேதியை அங்குள்ள சமண மடம்தான் அறிவிக்கும். அறிவிப்பு வராமல் அறை பதிவு செய்துவிடாதீர்கள்.

சிலைக்குப் பின்னால் சாரம் கட்டி, தலைக்குமேல் நின்று ஊற்றுவார்கள். நீர், இளநீர், கரும்புச்சாறு, பால், அரிசிமாவு, மஞ்சள், சந்தனம், குங்குமப்பூ கரைத்த நீர், பூ என்று ஒவ்வொன்றாக இறங்கும். பால் ஊற்றும்போது வெள்ளை, மஞ்சளில் பொன், சந்தனத்தில் செம்மண் என்று கல் நிறம் மாறிக்கொண்டே போகும். இதைக் காண வேண்டும் என்றால் அப்போதுதான் போக வேண்டும். மலைமேல் இடம் குறைவு. அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் பெரும்பாலும் கீழேயிருந்தும் எதிர்மலையிலிருந்தும் திரையிலும்தான் பார்க்க முடியும். சிலையைச் சிலையாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாரம் இல்லாத வருடத்தில், செவ்வாயோ புதனோ போவதே மேல் என்பது எங்கள் கருத்து.

பெரிய மலையை முடித்ததும் கால் கெஞ்சுகிறது. எதிர்மலையையும் ஏறத்தான் வேண்டுமா?
– வாசகர், விழுப்புரம்

ஏறுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்கூடச் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வோம். சந்திரகிரி, ஊர் வழக்கில் சிக்கபெட்ட, உயரத்தில் பெரியதில் பாதிக்கும் குறைவு. படியும் மூன்றில் ஒரு பங்குதான். வயதில் மட்டும் மூத்தது. அதன் பழைய பெயர் கடவப்ர, கன்னடத்தில் கள்பப்பு. பெரிய சிலைக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு முன்பே துறவிகள் இங்கே உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைப் பாறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரிலும் இரு மலைகளிலுமாகப் படியெடுத்த கல்வெட்டுகள் ஐந்நூற்றுக்கும் மேல். அதில் பெரும்பங்கு இந்தச் சின்ன மலையில்தான்.

பார்சுவநாதர் பசதிக்கு (பசதி என்றால் சமணக் கோயில்) பக்கத்துப் பாறையில், பொ.ஆ. 600ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. உஜ்ஜயினியில் பன்னிரண்டாண்டுப் பஞ்சம் வரும் என்று பத்திரபாகு என்ற சமணத் துறவி முன்னறிவித்ததையும், துறவியர் கூட்டம் தெற்கே வந்ததையும், பிரபாசந்திரர் என்ற ஆசாரியர் இங்கே உயிர்நீத்ததையும் அது சொல்கிறது. இந்தப் பிரபாசந்திரர்தான் மௌரியச் சந்திரகுப்தர் என்பது மரபின் நம்பிக்கை, மலைக்குப் பெயரும் அதனால்தான். கல்வெட்டு அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. வழிகாட்டி சொல்வதைக் கேட்கும்போது இந்த வேறுபாடு நினைவில் இருக்கட்டும்.

விழுப்புரம் என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இது: செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை (நினைவிடம்) என்று சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதல்லவா? நம் இலக்கியம் வடக்கிருத்தல் என்கிறதே, அதற்குச் சமணத்தின் பெயர் சல்லேகனை. சந்திரகிரிப் பாறை முழுவதும் அந்தச் சல்லேகனைப் பதிவுகள்தான். உங்கள் ஊர்க் குன்றைப் பார்த்துவிட்டுப் போனால் இந்த மலை அந்நியமாகத் தெரியாது.

நேரம் குறைவென்றால் மூன்றை மட்டும் பாருங்கள். சாவுண்டராய பசதி, மலையிலேயே அழகான கட்டடம். மேல்தளத்தைக் கட்டியவர் அவருடைய மகன். அடுத்தது சந்திரகுப்த பசதியின் கல் சாளரம். அதில் பத்திரபாகு, சந்திரகுப்தர் கதை 90 சிறு கட்டங்களாகச் செதுக்கியிருக்கிறது. செதுக்கிய தாசோஜன் தன் பெயரையும் பொறித்திருக்கிறான். மூன்றாவது கத்தலெ பசதி. கத்தலெ என்றால் இருட்டு. கங்கராஜன் தன் தாய்க்காக எடுத்தது. சன்னல் இல்லாததால் நண்பகலிலும் உள்ளே ஒன்றும் தெரியாது. கைவிளக்கு கொண்டு போங்கள், போன் விளக்கு போதாது.

சாப்பாடு, தங்குமிடம்?
– பலர்

தங்க, மடத்தின் நிர்வாகக் குழு நடத்தும் விடுதிகள் ஊரிலேயே உண்டு. சனி, ஞாயிறில் சீக்கிரம் நிரம்பிவிடும். வசதியான ஓட்டல் வேண்டுமென்றால் ஹாசன், 50 கி.மீ. மடத்துச் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இருக்காது, பொழுது சாயும் முன்பே பந்தி முடியும். எட்டு மணிக்குப் போய்ச் சாப்பாடு இல்லையே என்று வருந்தாதீர்கள். மலைமேல் கடை கிடையாது, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெளகொள என்றால் என்ன?
– மாணவி, நாகர்கோவில்

பெள் என்றால் வெண்மை, கொள என்றால் குளம். நம் வெண்குளம்தான். தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாகும்: வெள்ளி அங்கே பெள்ளி. சிரவண என்பது சமணர். ஊர் நடுவே உள்ள கல்யாணிக் குளத்தைப் படிக்கட்டும் கோபுரமுமாகக் கட்டுவித்தவர் மைசூரு மன்னர் சிக்கதேவராஜ உடையார்.

மலையேற முடியாதவர்கள் ஊருக்குள் எதைப் பார்க்கலாம்? எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஏதோ தொடர்பு என்றார்களே?
– வாசகர், ஸ்ரீரங்கம்

அடிவாரத்திலிருந்தே தொடங்கலாம். பண்டாரி பசதி ஊரிலேயே பெரியது. ஹொய்சள மன்னன் முதலாம் நரசிம்மனின் கருவூலத் தலைவர் ஹுள்ளர் 1159இல் கட்டியது. 24 தீர்த்தங்கரரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அக்கன பசதி, அதாவது அக்காவின் கோயில், 1181. கட்டியவர் ஆசியக்கா என்ற பெண்மணி. கணவர் சந்திரமௌலி, இரண்டாம் வல்லாளனின் அமைச்சர், சைவர். கடைந்தெடுத்த தூண்களைப் பார்க்க இங்கே படியேற வேண்டியதில்லை.

மடத்தின் சுவரோவியங்களில் மரம் ஒன்று இருக்கும். அதன் பழம் வேண்டி ஆறு பேர். ஒருவன் வேரோடு வெட்டுகிறான், ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் பழத்தை மட்டும் பறிக்கிறான், ஆறாமவன் கீழே உதிர்ந்ததைப் பொறுக்குகிறான். மனத்தின் ஆறு நிறங்களைச் சமணர் இப்படி விளக்குவார்கள். அம்மாவையும் பேரப்பிள்ளையையும் இந்தச் சுவர் முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் மலையேறப் போகலாம்.

உங்கள் ஊர்த் தொடர்பு பண்டாரி பசதிக் கல்வெட்டில் இருக்கிறது. ஆண்டு 1368. சமணருக்கும் ஸ்ரீவைணவருக்கும் தகராறு முற்றி, சமணர்கள் விசயநகர மன்னன் முதலாம் புக்கரிடம் முறையிட்டார்கள். மன்னர் சமணரின் கையைப் பிடித்து வைணவரின் கையில் வைத்து, இரு தரிசனத்துக்கும் (சமய நெறிக்கும்) வேறுபாடு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் கைகளுக்கு உரியவர்களாகக் கல்வெட்டு சொல்லும் வைணவர்களில் கோயில், திருமலை, பெருமாள் கோயில், திருநாராயணபுரம் ஆகிய ஊர்களின் ஆசாரியர்கள் உண்டு. கோயில் என்றால் எந்த ஊர் என்று ஸ்ரீரங்கத்துக்காரருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பெருமாள் கோயில் காஞ்சி, திருநாராயணபுரம் மேல்கோட்டை. பெளகொளத் தேவருக்கு இருபது காவலர் வைக்க, சமணர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் கொடுப்பது என்றும், அதைத் திருமலைத் தாதய்யா வசூலித்துக் காவலுக்குச் செலவிட்டு, மிச்சத்தில் பாழான சமணக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு அடித்துச் செப்பனிடுவது என்றும் ஏற்பாடு.

மேல்கோட்டை அங்கிருந்து நாற்பது கி.மீ.க்குள்தான். காலையில் பெளகொளம் ஏறி இறங்கி, ஊரைப் பார்த்துவிட்டு, மாலை நடைதிறப்புக்கு மேல்கோட்டை போய்விடலாம். அதே நாளில் பேலூர், ஹளேபீடையும் திணிக்காதீர்கள். அவை ஹாசனுக்கு அப்பால் இருக்கின்றன, அவற்றுக்கே ஒரு முழுநாள் வேண்டும்.